சின்னத் தோட்டக் கம்பெனி நடத்துகிறவர்கள் கொத்தடிமைச் சரக்கைத் தவிர்ப்பது எப்படி

தோட்டம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருக்கும் நம்மில் பலர், கொத்தடிமைத்தனம் என்றால் ஏதோ பெரிய ஆலைகளிலும் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் நடக்கிற சங்கதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நடைபாதைக்குப் போடும் செங்கல், பாத்தி ஓரத்துக் கருங்கல், கொடி ஏற்ற ஊன்றும் சவுக்குக் கம்பு எல்லாம் எங்கிருந்து வருகின்றன? செங்கல் சூளை, கல் குவாரி, மரம் வெட்டு. தமிழ்நாட்டில் கொத்தடிமைகளாக இருந்தவர்களைத் திரும்பத் திரும்ப மீட்டிருக்கிற தொழில்கள் இவைதான். பத்துப் பேர் வைத்து நடத்துகிற கம்பெனியால் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், நிறையவே முடியும் என்பேன். பெரிய கட்டுமானக் கம்பெனியின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்றே தெரியாது. நமக்கு லாரி ஓட்டி வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தும் வந்துவிடலாம்.

பார்க்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: அட்வான்ஸ். யார் யாருக்குக் கொடுத்தார்கள், கணக்கு யார் கையில் இருக்கிறது, அந்தக் கடன் இருக்கும்போதே ஒருவர் எழுந்து வேறு வேலைக்குப் போக முடியுமா. மற்றக் கேள்விகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சங்கிலி போட்டுக் கட்டி, அடித்து வேலை வாங்கினால்தான் கொத்தடிமை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 1976-இல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் கூலியே இல்லாமலோ பேருக்கு ஒரு கூலிக்கோ வேலை செய்தால், அல்லது வேறு இடத்துக்கு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தால், அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமல் போனால், அல்லது தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமல் போனால், அது கொத்தடிமை முறை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். கடன் வாங்கியது அப்பாவாக இருந்து, இப்போது மகன் உழைத்துக்கொண்டிருந்தாலும் அதேதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் ஒருவரைப் பிடித்துத் தள்ளுவதும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே ஃபரீதாபாத் கல் குவாரித் தொழிலாளர்கள் வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே அதற்குப் பின்னால் ஒரு முன்பணம் இருக்கிறது என்று அனுமானித்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்றும் சொன்னது. ஆகவே "அவங்களே இஷ்டப்பட்டு வந்தவங்க சார்" என்று சூளைக்காரர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரக் கூடாது.

சரி, அட்வான்ஸ் வாங்குவதே தப்பா? இல்லை. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்கள், இதற்கெல்லாம் வங்கி இவர்களுக்குக் கடன் தராது, முதலாளிதான் தருவார். தொழிலாளர்களே கேட்டு வாங்குவதும் உண்டு. அந்தப் பணம் எப்போது பூட்டாக மாறுகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எதை வாங்குகிறோம் என்று எழுதுங்கள்

போன வருஷத்து பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கிய பொருள், விற்றவர், அது உற்பத்தியான இடம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது விஷயம் பல இடத்தில் காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்கள்தான் நம் வேலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தோண்ட வேண்டாம், ஆபத்து அதிகமான இடத்தில் ஆரம்பியுங்கள்.

என் கணக்கில் முதல் இடம் செங்கல்லுக்கு. அடுத்து கல்: கருங்கல், ஜல்லி, பட்டியக்கல். அப்புறம் கம்பு, விறகு, கரி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள், குழந்தைகளும் அதில் இருந்தார்கள், எல்லாம் இருளர் குடும்பங்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு பெரியவர் விழுந்து கும்பிட்ட படம் அப்போது பத்திரிகைகளில் வந்தது, பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பும் விறகும் எந்தப் பெயர்ப் பலகையும் இல்லாத இடங்களிலிருந்து வருவதால் விசாரிப்பதும் கஷ்டம். விசாரிக்க முடியாத கம்பை வாங்காமல், பட்டா நிலத்தில் சவுக்கு வளர்க்கும் விவசாயியிடம் நேராகப் பேசி, வெட்டுகிறவர்களுக்கான கூலியையும் நாமே அங்கேயே கொடுத்துவிடுவது நல்ல வழி.

ராஜஸ்தான் சாண்ட்ஸ்டோன் கேட்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பூந்தி மாவட்டத்தில் புத்புரா பக்கம், குவாரியில் கழித்துப்போட்ட கல்லைச் சின்னச் சின்னக் கட்டிகளாக உடைக்கும் வேலையைப் பெண்களும் குழந்தைகளும் செய்வது பல வருஷங்களாக வெளியே தெரிந்த விஷயம். குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயில் கணவன் இறந்தபின் அவர் வாங்கிய கடன் மனைவி தலையில் ஏறுவதும் அங்கே உண்டு. நோயாளிகளுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவ அந்த மாநில அரசு 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் கல்லைத்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், எந்தக் குவாரி என்று எழுத்தில் சொல்லக்கூடிய வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள், கையால் உடைத்த கட்டிகளை விட்டுவிட்டு மெஷினில் அறுத்த பலகையைக் கேளுங்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: ரப்பர் கையுறையில் மலேசியத் தொழிற்சாலைகள் பற்றிய புகார் பெரிதாகி, 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அங்குள்ள மிகப் பெரிய உற்பத்தியாளரின் சரக்கையே தடுத்தது. வேலைக்காகத் தரகருக்குக் கட்ட வாங்கிய கடனில் சிக்கிய வங்கதேசத்தவரும் நேபாளிகளும் அங்கே வேலை செய்தவர்களில் பலர். சோலார் தோட்ட விளக்கின் மூலப்பொருள் சீனாவின் ஷின்ஜியாங் வரை போகிறது, அங்கே உய்குர் மக்களைக் கட்டாய வேலையில் வைத்திருப்பது பற்றி அமெரிக்காவில் தனிச் சட்டமே 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இவற்றில் நம் அளவில் செய்யக்கூடியது குறைவு. வியாபாரியிடம் கேள்வி கேளுங்கள், பதிலைக் குறித்து வையுங்கள், நேரத்தைச் சூளைக்கும் குவாரிக்கும் ஒதுக்குங்கள்.

சூளைக்குப் போவது

சூளை வேலை மழை முடிந்து தை வாக்கில் சூடுபிடிக்கும், ஆனி வரை போகும். ஆட்கள் உள்ளூரிலிருந்தும் வருகிறார்கள், ஒடிசாவின் பலாங்கீர் போன்ற மாவட்டங்களிலிருந்து தரகர் மூலம் குடும்பம் குடும்பமாகவும் வருகிறார்கள். வருவதற்கு முன்பே அட்வான்ஸ் கைமாறியிருக்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும். கல் அறுப்பது கணவன், மண் மிதிப்பதும் அடுக்குவதும் மனைவி, காயும் கல்லைத் திருப்பிப் போடுவது குழந்தைகள். ஆனால் கணக்கு நோட்டில் கணவன் பெயர் மட்டும் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை செலவுக்குக் காசு கொடுப்பார்கள், அதுவும் கணக்கில் ஏறும். சீசன் முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடன் மிச்சம் இருக்கும், அடுத்த வருஷமும் இங்கேயேதான் வர வேண்டும். மழை பெய்து பச்சைக் கல் கரைந்துபோனால் அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பல இடத்தில் அது அறுத்தவர் தலையில்தான் விழுகிறது.

போய் இறங்கியதும் "இங்கே கொத்தடிமை இருக்காங்களா" என்று கேட்டால் எந்த முதலாளியும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். கல்லின் தரம் பார்க்க வந்தவராகப் போங்கள், அது உண்மையும்கூட. ஆயிரம் கல்லுக்கு அறுக்கிற கூலி எவ்வளவு கொடுக்கிறீர்கள், கட்டுப்படியாகிறதா என்று தொழில் பேச்சாகவே கேட்கலாம், பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை கல் அறுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு, வேலை செய்கிற பெரியவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை தமிழ்நாடு அரசு அந்தத் தொழிலுக்கு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால், மேலே சொன்ன 1982 தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அரசின் கூலி அட்டவணையைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம், அகவிலைப்படி மாறுவதால் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகப் பாருங்கள்.

தொழிலாளர்களிடம் பேசும்போது முதலாளியையோ மேஸ்திரியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கூலி, கடன் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். நாம் காரில் ஏறிப் போன பிறகு அதற்கான அடி அவர்கள் மேல்தான் விழும். தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த ஊர், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்பது போன்ற சாதாரணப் பேச்சிலேயே நிறையத் தெரிந்துவிடும். கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள் என்பது நல்ல கேள்வி. "பொங்கலுக்கு வீட்டுக்காரர் மட்டும் போனார், நானும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தோம்" என்ற பதில் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவரை வெளியே விட்டு மற்றவர்களைப் பிணையாக நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். சாவு வீட்டுக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா, ஆதார் அட்டையும் ஏடிஎம் கார்டும் யாரிடம் இருக்கின்றன, மளிகை எங்கே வாங்குகிறார்கள், ஃபோன் இருக்கிறதா, இவை எல்லாம் கேட்காமலே கூட கண்ணில் படும். பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகள் கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் விசாரணை எதுவும் தேவையில்லை.

தமிழ் பேசாத குடும்பங்களிடம், நம் கம்பெனியில் வேலை செய்கிற ஒடியா அல்லது இந்தி தெரிந்த பையன் ஒருவரை அழைத்துப் போவது எந்தப் படிவத்தையும்விட உபயோகமானது. அவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, விருப்பம் இருந்தால் மட்டும் அழைத்துப் போங்கள்.

குவாரிக்கும் இதே கேள்விகள்தான். கூடுதலாக, கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குகிறார்களா என்று பாருங்கள். ஆட்களின் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படாத இடத்தில் கூலிக் கணக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். குவாரித் தொழில் என்றாலே இப்படித்தான் என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகம் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது, அந்தப் பெண்களில் பலர் அதே குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்தவர்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

இதைப் பேசாமல் சப்ளையரை மட்டும் சோதிப்பது நியாயம் கிடையாது. ஆயிரம் கல்லுக்கு ஐநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசும்போது அந்த ஐநூறு எங்கிருந்து குறையும்? மண், விறகு, நிலக்கரி, லாரி வாடகை எதுவும் குறையாது. குறைக்க முடிகிற ஒரே இடம் கூலி. அதேபோல் சரக்கை இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் பணம் வந்ததும் தருகிறேன் என்று இரண்டு மாதம் இழுத்தால், சூளைக்காரரும் அதே சாக்கைத் தன் ஆட்களிடம் சொல்வார். நாளைக் காலைக்குள் ஒரு லோடு வேண்டும் என்று ராத்திரி ஃபோன் போட்டால், அங்கே யாரோ ராத்திரி முழுக்க வேலை செய்வார்கள்.

ஆகவே விலையைப் பேசும்போது கூலியைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள், பேரத்தை மற்றச் செலவுகளில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்து ஒரு வாரத்துக்குள் பணம் கொடுங்கள். சின்னக் கம்பெனிக்கு இது கஷ்டம்தான், அதனால்தான் வாடிக்கையாளரிடம் பொருள் செலவை முன்கூட்டியே வாங்குகிற மாதிரி ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும் என்கிறேன். அவர்களுக்குக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். இடிக்கிற வீட்டுப் பழைய செங்கல்லை வாங்கிப் போடலாமே என்றும் கேட்டுப் பாருங்கள், தோட்டத்துக்கு அது நன்றாகவே இருக்கும்.

அடுத்தது நம்மிடம் வேலைக்கு வரும் ஆட்கள். புல் பதிக்க, குழி தோண்ட, மண் அள்ள மேஸ்திரி மூலம் ஆள் எடுக்கிறோம், பணத்தை மொத்தமாக மேஸ்திரி கையில் கொடுக்கிறோம், அத்தோடு நம் வேலை முடிந்தது என்று இருக்கிறோம். அவர் அந்த ஆட்களுக்கு ஊரிலேயே அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வந்தவராக இருக்கலாம், நாம் கொடுத்த கூலியில் பாதி அந்தக் கடனுக்குப் போகலாம். மேஸ்திரிக்கு அவருடைய கமிஷனைத் தனியாகக் கொடுத்துவிட்டு, கூலியை ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கிலோ கையிலோ வாரா வாரம் நேராகக் கொடுங்கள். பெண்களின் கூலி பெண்களின் கையில். வருகைப் பதிவை அவர்களே ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஆதார் நகல் வேண்டுமென்றால் நகல் மட்டும், அட்டையை ஒரு ராத்திரிகூட வாங்கி வைக்கக் கூடாது.

நாமே அட்வான்ஸ் கொடுக்க வேண்டி வந்தால் தேதி, தொகை, வாரம் எவ்வளவு பிடித்தம் என்று அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இரண்டு பிரதி எழுதி ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். வட்டி கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது கூலிச் சட்டம், என்னைக் கேட்டால் பாதியே மிக அதிகம், கால் பங்குக்குள் நிறுத்துங்கள். பாக்கி இருக்கும்போதே போகிறேன் என்று சொன்னால் போகவிடுங்கள். அந்தப் பணம் திரும்ப வராமலும் போகலாம், வராவிட்டால் கம்பெனிக்குத் தாங்குமா என்று யோசித்து அந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள்.

எழுதி வாங்குவது

சப்ளையரிடம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒப்பந்தம் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகள் வேலையில் இல்லை, கடன் காரணமாக யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, அடையாள அட்டைகளை வாங்கி வைப்பதில்லை, சொல்லாமல் வந்து பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு, கூலி நோட்டைக் காட்ட வேண்டும், இவ்வளவு போதும். கையெழுத்து வாங்கிய காகிதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. வருஷத்தில் சீசன் நடுவில் ஒருமுறை, கணக்கு முடிக்கும் நேரத்தில் ஒருமுறை நேரில் போங்கள். கணக்கு முடிக்கும்போது போவது ரொம்ப முக்கியம், எல்லா உண்மையும் அப்போதுதான் வெளியே வரும்.

குறை எல்லாமே ஒரே மாதிரி கிடையாது. கூலி நோட்டு இல்லை, பெண்கள் பெயர் எழுதவில்லை என்றால் உட்கார்ந்து பேசி அவகாசம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம், திருத்துகிறவரிடம் அதிகமாக வாங்கலாம். ஆனால் ஆட்கள் வெளியே போக முடியாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அது பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

கண்ணில் பட்டால்

முதலாளியிடம் சண்டை போடாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். கடனை நாமே அடைத்து மீட்கலாம் என்று நினைப்பதும் வேண்டாம்: அந்தக் கடன் சட்டப்படி ஏற்கெனவே ரத்து, அதை வசூலிப்பதே குற்றம், நாம் கொடுக்கிற பணத்தில் அவர் அடுத்த குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார். சத்தமில்லாமல் வேறு சப்ளையரிடம் மாறிக்கொள்வதும் அந்தக் குடும்பத்துக்கு எந்த விதத்திலும் உதவாது.

மாவட்ட ஆட்சியருக்கோ, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். இடம், எத்தனை குடும்பம், எந்த ஊர், என்ன மொழி, குழந்தைகள் எத்தனை பேர், எதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள், எதைக் கேள்விப்பட்டீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். குழந்தைகள் இருந்தால் 1098. சட்ட உதவிக்கு 15100, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் நேரில் போகலாம். கண் முன்னால் அடி உதை நடக்கிறது என்றால் 112.

அதிகாரிகள் வந்து விசாரித்து அழைத்துப் போனதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்களா என்று கேளுங்கள், குடும்பத்துக்கு ஒன்று என்றால் போதாது, மனைவிக்கும் தனியாக வேண்டும். அது கையில் இல்லாவிட்டால், மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாகத் தரப்படும் 30,000 ரூபாய் வரையிலான தொகையும் கிடைக்காது, பின்னால் வர வேண்டிய ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான பணமும் கிடைக்காது, பழைய முதலாளி ஊருக்கே வந்து கடனைக் கேட்டால் காட்டுவதற்கும் எதுவும் இருக்காது. பாக்கிக் கூலியை வாங்கிக் கொடுத்தார்களா, வழக்குப் பதிவானதா, பழங்குடி அல்லது பட்டியல் சாதிக் குடும்பங்கள் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டதா என்று விசாரியுங்கள். பெரிய தொகை வழக்கு முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதனால் அவ்வப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் யாராவது போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம்.

மீண்டு வந்தவர்களுக்கு உங்கள் கம்பெனியில் வேலை தரலாம் என்று தோன்றினால், முதலில் அவர்கள் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களோடு கொஞ்ச நாள் இருக்கட்டும். பிறகு வரச் சம்மதித்தால், மண்ணோடும் கல்லோடும் பழகிய கைகள், தோட்ட வேலை வெகு சீக்கிரம் பிடிபடும். அட்வான்ஸ் இல்லாமல், முதல் வாரத்திலிருந்தே வாரக் கூலியில், எங்கே தங்குவது என்பதை அவர்களே முடிவு செய்கிற மாதிரி வேலையைக் கொடுங்கள்.